அரிசி மயிலும் என் அக்காவும்

1

தீபாவளி முடிந்து ஒரு வாரம் ஆகப்போகிறது. என் நகக்கண்ணில் ஏறிய பச்சைச் சாயம் இன்னும் போகவில்லை. எலுமிச்சம்பழம் தேய்த்துப் பார்த்தாயிற்று, பாத்திரம் துலக்கும் பொடியும் போட்டாயிற்று. இங்கே எல்லோரும் பாசார் என்று சொல்லும் சந்தையில் மீன் விற்கிற சீனர் என் விரல்களைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை, மயிலுக்கு என்றேன். அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் மீனை நிறுத்துக் கொடுத்துவிட்டார்.

என் அக்கா செண்பகம் நேற்றுதான் ஊருக்கு விமானம் ஏறினாள். அவள் கோவில்பட்டி போய்ச் சேர்ந்து, நடந்ததைத் தன் பாணியில் தெரு முழுக்கச் சொல்வதற்கு முன்னால் நான் எழுதிவிட வேண்டும். அவள் சொன்னால் அவள் பக்கம்தான் நியாயம் இருக்கும். எனக்கு அவளைத் தெரியும்.

வெளிநாட்டில் இருந்து ஊருக்கு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் குளிர், பனி, தனிமை என்றுதான் எழுதுகிறார்கள். மலாக்காவில் குளிரும் கிடையாது, பனியும் கிடையாது. தனிமைக்கோ நேரமே கிடைப்பதில்லை. ஒரு பண்டிகைக்குக் கட்டிய தோரணத்தை அவிழ்ப்பதற்குள் அடுத்த பண்டிகை வாசலில் வந்து நிற்கிறது. இந்த இரண்டு மூன்று வருஷமாகச் சீனப் புத்தாண்டும் நோன்புப் பெருநாளும் ஒட்டிக்கொண்டே வருகின்றன. சாமான் வாங்கவே மூச்சு வாங்குகிறது. எனக்கு அது எவ்வளவு பிடித்திருக்கிறது என்பதை ஊரில் யாரிடமும் நான் இதுவரை சொன்னதில்லை. அங்கிருந்து போன் வந்தால் கொஞ்சம் சோகமாகப் பேசினால்தான் அவர்களுக்குத் திருப்தி.

2

என் வீட்டுக்காரர் செலண்டார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். இப்போது டவுனில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். கிளேபாங் கடற்கரையில் இருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு தாமானில் குடியிருக்கிறோம். தாமான் என்றால் ஒன்றுக்கொன்று சுவர் ஒட்டிய வரிசை வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலும் கார் நிறுத்த ஓடு பதித்த ஒரு போர்ச், அதற்கு ஓர் இரும்பு கேட். இந்த நாட்டுக் குடிமக்களின் அடையாள அட்டை நீலம். என்னைப் போல வந்து குடியேறியவர்களுக்குச் சிவப்பு. அந்தச் சிவப்பை வாங்கவே குடிநுழைவு அலுவலகத்தின் நாற்காலியில் வருஷக்கணக்காக உட்கார்ந்து எழுந்தேன். நீலத்துக்கு மனுப் போட்டிருக்கிறேன். கேட்டால் காத்திருங்கள் என்கிறார்கள்.

அந்த நாற்காலியில்தான் எனக்குக் கைவேலைப் பைத்தியம் பிடித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு சீனப் பெண், புத்தாண்டுக்குக் காசு வைத்துக் கொடுக்கும் சிவப்பு உறைகளைக் காலியானதும் தூக்கி எறியாமல், மடித்து, கோத்து, விளக்குக் கூடு செய்துகொண்டிருந்தாள். என் எண்ணைக் கூப்பிடுவதற்குள் நானும் ஒன்று செய்துவிட்டேன். அன்றைக்கு அதிகாரி என்ன சொல்லித் திருப்பி அனுப்பினார் என்பது மறந்துவிட்டது. விளக்கு மட்டும் இன்னும் ஹாலில் தொங்குகிறது.

பிறகு பக்கத்து வீட்டு ரொக்கையாவிடம் ரிப்பனில் கெத்துப்பாட் பின்னக் கற்றுக்கொண்டேன். பெருநாளுக்குத் தென்னங்குருத்தில் கூடு பின்னி, உள்ளே அரிசி போட்டு மலாய்க்காரர்கள் அவிப்பார்களே, அதுதான் கெத்துப்பாட். ரிப்பனில் பின்னினால் அழகுக்குத் தொங்கவிடலாம். ரொக்கையா கிளேபாங் சாலையோரத்தில் பலகாரக் கடை வைத்திருப்பவர். வயதில் மூத்தவர் என்பதால் நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுவோம், சித்தி மாதிரி. அவர் வீட்டிலிருந்து தட்டு வந்தால் காலியாகத் திரும்பிப் போகாது, எங்கள் தட்டும் அப்படியே. இப்போதெல்லாம் எந்தத் தட்டு யாருடையது என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

தீபாவளிக்கு அரிசிக் கோலம். இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் வாசல் தெளித்து மாவில் கோலம் போடுவோம், மறுநாள் காலையில் கூட்டிவிட்டு வேறு போடுவோம். இங்கே பண்டிகைக் கோலம் என்றால் அரிசிக்குச் சாயம் ஏற்றி, பேப்பரில் பரப்பி விசிறியில் காயவைத்து, தரையில் சாக்கட்டியால் படம் வரைந்து, நிறம் நிறமாக நிரப்ப வேண்டும். ஒருமுறை போட்டால் வாரக்கணக்கில் அப்படியே இருக்கும். பெரிய கடைகளின் வாசலில் போட்டுக் கயிறு கட்டிவிடுவார்கள், ஜனங்கள் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். முதல் வருஷம் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இது கோலமா, ஜமுக்காளமா என்று வீட்டுக்காரரைக் கிண்டல் செய்தேன். அப்புறம் நானே அதில் விழுந்துவிட்டேன். கூட்டிவிட்டு வேறு போடுகிற பழக்கம் எந்த வருஷத்தோடு நின்றது என்று எனக்கே ஞாபகமில்லை.

3

என் மகள் கவிதாவுக்குப் பதினாறு வயது. சின்னவளாக இருந்தபோது கோந்து டப்பாவும் கையுமாக என் பின்னாலேயே அலைவாள். தமிழ்ப்பள்ளி முடிந்து இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் எல்லாம் மாறிவிட்டது. பள்ளியில் மலாய், தோழிகளோடு ஆங்கிலம், என்னோடு ஒற்றைச் சொல். நான் ரிப்பனை எடுத்தால், போர்லா மா என்று காதில் வாக்மேனை மாட்டிக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள். எந்தப் பேச்சுக்கும் வாலாக ஒரு லா போடுவது இங்கத்திய பழக்கம்.

தீபாவளிக்கு இங்கே எல்லா வீட்டிலும் ஓப்பன் ஹவுஸ் உண்டு. பத்திரிகைகளில் திறந்த இல்ல உபசரிப்பு என்று அழகாக எழுதுவார்கள். கதவைத் திறந்து வைத்துவிட்டால் எந்த இனத்தவரும் வரலாம், சாப்பிடலாம், போகலாம். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் கவிதா தன் பள்ளித் தோழிகள் ஒருவரையும் கூப்பிடவில்லை. முன்பு ஒருமுறை வந்த பெண் ஒருத்தி, உங்கள் வீடு முழுக்க எண்ணெய் வாசனை என்று மூக்கைப் பிடித்தாளாம். கவிதா என்னிடம் சொல்லவில்லை, அவள் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டதில் இருந்து எனக்கு முறுக்கு சுடும்போதெல்லாம் மனசு சுருங்கும்.

இந்த வருஷம் பள்ளியில் அவள் வரைந்த மயிலை ஓவிய ஆசிரியை சுவரில் ஒட்டியிருக்கிறார். அன்று மாலை தானாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“மா, இந்த வருஷம் கோலத்த நான் போடறேன். மயில். பெருசா. என் கூட்டாளிங்கள கூப்பிடவா? டீச்சரும் வர்றேன்னு சொன்னாங்க.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு வருஷமாக மூடிக் கிடந்த கதவு அது. இந்த ஒரு நாள் நல்லபடியாக நடந்துவிட்டால் பெண் வீட்டுப் பக்கம் திரும்பிவிடுவாள், கெட்டுப்போனால் இனிமேல் யாரையும் இந்தப் படியேற விடமாட்டாள். எனக்கு அது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. அன்றைக்கே போய் அரிசியும் சாயமும் வாங்கி வந்தேன். சாயத்தை நான் ஏற்ற, நிறத்தை அவள் சொன்னாள். இது இல்லமா, இன்னும் டார்க்கா வேணும் என்று ஒரே பச்சையை மறுபடி மறுபடி மாற்றச் சொன்னாள். நகக்கண் கதை அதுதான்.

4

இந்தச் சமயத்தில்தான் செண்பகம் அக்கா முதன்முறையாக விமானம் ஏறி வந்து இறங்கினாள். கோவில்பட்டி என்றால் கடலைமிட்டாய் இல்லாமலா? அரைப்பெட்டி அதுதான். மீதி அரைப்பெட்டியில் இருந்தது விமான நிலையத்தையே கலக்கிவிட்டது. சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்தால், பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டிய வெள்ளை வெளேரென்ற பொடி. இந்த நாட்டில் வெள்ளைப் பொடியோடு பிடிபட்டால் என்ன ஆகும் என்று அக்காவுக்குத் தெரியாது. அதிகாரி மலாயில் கேட்க, இவள் தமிழில், வாசலுக்கு என்று பதில் சொல்லியிருக்கிறாள். அவர் ஆங்கிலத்தில் கேட்க, மறுபடியும் வாசலுக்கு. கடைசியில் ஒரு தமிழ் அதிகாரி வந்து, பையைப் பிரித்து, விரலில் தொட்டுப் பார்த்து, பச்சரிசி மாவு என்று சிரித்திருக்கிறார். கண்ணாடிக்கு வெளியே நின்ற எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. இந்த ஊரில் அரிசி மாவு கிடைக்காதா என்று கேட்டால், கைக்குப் பழகின மாவு வேண்டாமா என்கிறாள்.

அக்காவுக்கு இங்கே எல்லாமே வேடிக்கை. காலையில் யாரைப் பார்த்தாலும் பசியாறிட்டீங்களா என்று கேட்பது அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போய், பார்க்கிறவர்களிடமெல்லாம் தானும் கேட்க ஆரம்பித்தாள். கூட்டாளிகள் வருகிறார்கள் என்று கவிதா சொன்னதும் மட்டும் முகம் மாறிவிட்டது. நம் ஊரில் திருடனுக்குத்தானே கூட்டாளி. தோழிகளைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள் என்று நான் விளக்கிய பிறகு சமாதானம் ஆனாள்.

பலகாரம் சுடச் செலண்டார் தோட்டத்துக்குப் போனோம். என் வீட்டுக்காரரின் அக்கா பார்வதி இன்னும் அங்கே, தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த லயத்து வீட்டில்தான் இருக்கிறார். லயத்தின் பின்பக்கம் அடுப்பு மூட்டி, பெரிய வாணலியை வைத்து, வரிசை வீட்டுப் பெண்கள் எல்லோரும் அவரவர் மாவோடு வந்துவிடுவார்கள். இன்றைக்கு இந்த வீட்டு முறுக்கு, நாளைக்கு அந்த வீட்டு ஓமப்பொடி என்று முறை வைத்துச் சுடுவது. நான் கவிதாவையும் கூப்பிட்டேன். கோலத்துக்கு அளவெடுக்க வேண்டும் என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். எண்ணெய் வாசனை தலையில் ஏறிவிடும் என்று பயம், எனக்குத் தெரியாதா என்ன.

அங்கேதான் அக்கா முதன்முதலாக அச்சு முறுக்கைப் பார்த்தாள். பூ மாதிரி பித்தளை அச்சைச் சூடான எண்ணெயில் காட்டி, மாவில் தோய்த்து, மறுபடி எண்ணெயில் இறக்கி உதற வேண்டும். அச்சை விட்டுப் பூ கழன்று மிதக்கும். அக்கா முதலில் உதறியதில் பூ வரவில்லை, அச்சே வாணலிக்குள் போய்விட்டது. பார்வதி அக்கா, ஒங்க தங்கச்சியும் மொத வருஷம் இப்படித்தான் போட்டா என்று சொல்ல, அந்தப் பின்பக்கமே சிரிப்பில் அதிர்ந்தது. சாயங்காலத்துக்குள் செண்பகம் அக்கா கைப்பட வரிசையாகப் பூ விழுந்தது. காரின் பின்சீட்டு முழுக்கச் சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் ஜாடிகள். அவற்றின் நடுவே ஒடுங்கி உட்கார்ந்துகொண்டு, இப்படி ஒரு தீபாவளியை நான் பார்த்ததேயில்லை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

5

வீட்டுக்கு வந்தபோது கவிதா போர்ச் முழுக்கக் குப்புறப் படுத்துக் கிடந்தாள். காரை ரோட்டிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டாள். மயிலின் தலையும் கழுத்தும் முடிந்திருந்தன. நீல அரிசியில் அந்தக் கழுத்து வளைந்த வளைவைப் பார்த்து எனக்குப் புல்லரித்தது. தோகையை முடிக்கத் தீபாவளிக்கு முந்தின நாள் இரவாகிவிட்டது. அக்கா அவ்வப்போது வந்து நின்று பார்த்தாள். நல்லாத்தான் இருக்கு என்றாள். சாயம் ஏத்தின அரிசியை எறும்பு தின்னுமா என்று மட்டும் கேட்டாள். கோலம்னா நாலு ஜீவன் தின்னணும்ட்டி என்று என்னிடம் முணுமுணுத்தாள். கவிதா காதில் விழாதது போல வேலையைப் பார்த்தாள்.

மறுநாள் காலை எண்ணெய்க் குளியலுக்கு எழுந்தேன். குளியலறைப் பக்கம் போகாமல், மயிலை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று ஆசையாக முன்கதவைத் திறந்தேன்.

மயில் இல்லை.

போர்ச் முழுக்கக் கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. நடுவில் வெள்ளை மாவில் ஒரு பெரிய சிக்குக் கோலம், ஒரு கோடு கூடப் பிசகாமல். அக்கா ஈரத் தலையை முடிந்துகொண்டு, இடுப்பில் கை வைத்து, அதைத் திருப்தியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஏட்டி வசந்தா, நாளும் கெழமையுமா பழைய கோலத்தோடயா வாசலு கெடக்கும்? பாவம், பிள்ள அலுத்துத் தூங்குது. அதான் நானே தூத்து அள்ளிட்டு, தெளிச்சுப் போட்டுட்டேன். அரிசிய வீணாக்கல, வாளியில கெடக்கு.”

வாளிக்குள் பார்த்தேன். பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு எல்லாம் ஒன்றாகக் கலந்து, என்ன நிறம் என்றே சொல்ல முடியாத ஒரு நிறம். அவளிடம் கன்னாபின்னாவென்று கத்தினேன். மூத்தவள், விருந்தாளியாக வந்தவள், நல்ல நாள், எதையும் நினைக்கவில்லை. எங்கள் ஊர்க் கோலம் ஒருநாள் கோலம் என்பதை நான்தானே முன்கூட்டி நினைத்திருக்க வேண்டும்? ஊரில் பொங்கலுக்குப் பாதி நாள் உட்கார்ந்து போட்டதைக் கூட மறுநாள் கூட்டித் தள்ளுகிற கை அது. அன்பாகச் செய்த வேலை. இதெல்லாம் கத்தி முடித்த பிறகுதான் தோன்றியது. அக்கா கையில் ஒட்டியிருந்த மாவை மட்டும் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

சத்தம் கேட்டுக் கவிதா வந்து நின்றாள். அழவில்லை. வாளியைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்.

“ஹபிஸ்லா,” என்றாள். எல்லாம் தீர்ந்தது என்று மலாயில் அர்த்தம். “மா, போன் பண்ணி எல்லாரையும் வரவேணாம்னு சொல்லிருங்க. நான் சொல்லமாட்டேன்.”

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தோழிகள் பதினொரு மணிக்கு வருவதாக இருந்தது. நான் போனைக் கையில் எடுத்தேன். எண்களை அழுத்தத்தான் மனசு வரவில்லை.

6

வீட்டுக்காரர் அக்காவைச் சமாதானப்படுத்தினார். அக்காவுக்குச் சமாதானம் வேண்டியிருக்கவில்லை, நியாயம் வேண்டியிருந்தது. அவள் கதவுக்கு வெளியே நின்று, உள்ளே இருக்கிறவளுக்குக் கேட்கும்படி தன் வழக்கைச் சொல்லிக்கொண்டே போனாள். அழகா இருந்துச்சு, இல்லைங்கல. நான் கெட்ட எண்ணத்துல செய்யல. ஆனா கோலம்னா தின்னு தீரணும். எறும்பாவது, குருவியாவது வந்து தின்னாத்தான் போட்ட கைக்குப் புண்ணியம். யாரும் தின்னாத கோலம் எதுக்கு?

நான் வாயை மூடச் சொல்லிச் சைகை காட்டினேன். அவள் நிறுத்தவில்லை. கோவில்பட்டியில் பிறந்து அவள் எதற்கு நிறுத்தியிருக்கிறாள், இதற்கு நிறுத்த.

கதவு திறந்தது. கவிதா முகத்தைக் கழுவியிருந்தாள். பெரியம்மாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் கேட்டாள்.

“மனுசங்க தின்னா கணக்கு இல்லையா?”

எனக்குப் புரியவில்லை. அவள் அடுக்களைக்குப் போய் ஜாடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். அச்சு முறுக்கை எடுத்து அதன் நடுவில் ஒரு நெய் உருண்டையை வைத்தாள். மயில் தோகையின் கண் மாதிரியே இருந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. விருந்துக்கென்று வாங்கி வைத்திருந்த நீள மேசைகளை, கேட்டுக்கு வெளியே ரோட்டோரத்தில் போட்டிருந்த பந்தலுக்கு இழுத்தோம். வீட்டுக்காரர் குறுக்கு வழியில் போர்ச் வழியாக இழுக்கப் போனார். கோலத்த மிதிக்காதீங்கப்பா என்று கவிதா ஒரு அதட்டல் போட்டாள். எந்தக் கோலத்தைச் சொல்கிறாள் என்று அக்கா நிமிர்ந்து பார்த்தாள். வெள்ளை மாவுக் கோலத்தைச் சுற்றிக்கொண்டு மேசை போனது.

மேசைகளை ஒட்டிப் போட்டு, மேலே வாழையிலை விரித்தோம். இலை போதவில்லை. ரொக்கையா மக்சிக் தன் கொல்லையில் இருந்து இன்னும் வெட்டிக்கொண்டு வந்தார். என்ன செய்கிறோம் என்று கேட்டார், சொன்னேன். கழுத்துக்கான நீலத்துக்கு எங்கே போவீர்கள் என்று அடுத்த கேள்வி. அவர் கேட்டபோதுதான் கவிதா தலையில் கை வைத்தாள். உலகத்தில் நீலப் பலகாரம் எது இருக்கிறது? மக்சிக் விறுவிறுவென்று தன் வீட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு பெரிய தட்டு. சங்குப்பூச் சாறு சேர்த்து அவித்து, அமுக்கி, துண்டு போட்ட நீலப் பலகாரம், இங்கே புளுட் என்று சொல்லும் ஒட்டரிசியில் செய்வது. கிளேபாங்கில் அவர் கடையில் அன்றாடம் விற்பதுதான். நானே எத்தனையோ முறை வாங்கித் தின்றிருக்கிறேன். கவிதா அவரைக் கட்டிக்கொண்டு குதித்தாள். மக்சிக்கின் தலைத்துணி கழன்று கோணலாகத் தொங்கியது.

நீலத் துண்டுகளால் கழுத்து. மூக்குக்கு முந்திரி. கண்ணுக்கு ஒரு உலர்ந்த திராட்சை. கொண்டைக்கு ஓமப்பொடியை நீளமாகப் பொறுக்கி எடுத்துச் செருகினாள். உடம்புக்குப் பச்சைப் பட்டாணி பிஸ்கட்டும் அன்னாசி டார்ட்டும். தோகைக்கு வரிசை வரிசையாக அச்சு முறுக்கு, ஒவ்வொன்றின் நடுவிலும் நெய் உருண்டை. கோணம் அவள் பார்த்தாள், வைப்பது நாங்கள். இன்னும் சாய்வா, இன்னும் சாய்வா என்று அவள் கத்த, நான் ஓட, என் வீட்டுக்காரர் ஒரு நெய் உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு மாட்டிக்கொள்ள, எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அரிசி மயிலைவிட இது நன்றாக இருந்தது. தாய் என்பதற்காகச் சொல்லவில்லை.

அக்கா மட்டும் கதவருகே நின்றாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை, கூப்பிடாமல் வருகிற ஆளும் இல்லை அவள். கொஞ்சம் கழித்துப் பெட்டியில் இருந்து கடலைமிட்டாய்களைக் கொண்டு வந்து, மயிலின் காலடியில் ஒன்றையொன்று தொட்டாற்போல அடுக்கினாள். மயில் நிற்க ஒரு கிளை. கவிதா பார்த்தாள். ஒரு மிட்டாயை லேசாகத் திருப்பி வைத்தாள். எடுத்துப் போடவில்லை.

7

தோழிகள் வந்தார்கள். மெய் லிங், ஃபரிடா, இன்னும் பெயர் மறந்துபோன பெண்கள், பின்னால் குடையோடு டீச்சர். மேசையைப் பார்த்ததும் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். மெய் லிங் கேமராவில் இருந்த பிலிம் சுருளையே காலி செய்தாள். பிறகும் யாரும் தொடவில்லை. சாப்பிட்டால் கெட்டுவிடுமே என்றார் டீச்சர். கவிதாவே தோகையில் இருந்து ஒரு கண்ணைப் பிய்த்து அவர் கையில் கொடுத்தாள். எங்கள் ஊரில் கோலம் என்றால் தின்று தீர்க்க வேண்டும், அதுதான் வழக்கம் என்று ஆங்கிலத்தில் விளக்கினாள். எங்கள் ஊர். மலாக்காவில் பிறந்த பெண் அப்படிச் சொன்னாள். நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டேன்.

முன்பு எண்ணெய் வாசனை என்று மூக்கைப் பிடித்தது ஃபரிடாதான் என்று அப்புறம் தெரிந்தது. அவள்தான் அன்றைக்கு ஆக அதிகம் தின்றாள். கடலைமிட்டாய்க் கிளை முதலில் காலியானது, மயில் அந்தரத்தில் நின்றது. தோகை குறையக் குறைய அக்கா அடுக்களைக்கும் மேசைக்கும் ஓடி ஓடி நிரப்பினாள். வந்த சீனப் பெண்களிடமும் மலாய்ப் பெண்களிடமும் பசியாறிட்டீங்களா என்று கேட்டுக்கொண்டே நிரப்பினாள். அவர்கள் புரியாமல் தலையாட்டிவிட்டு இன்னொன்று எடுத்துக்கொண்டார்கள்.

கவிதா மட்டும் அவளோடு நேராகப் பேசவில்லை. மா, அவங்ககிட்ட அந்தப் பக்கம் காலியாவுதுன்னு சொல்லுங்க என்று என் மூலமாகவே வேலை வாங்கினாள். பெரியம்மா என்ற சொல் காலையில் இருந்து அவள் வாயில் வரவில்லை. அக்கா அதைக் கவனிக்காமல் இல்லை. அவள் முகத்தைப் பார்க்கையில், காலையில் நான் கத்திய ஒவ்வொரு சொல்லும் எனக்கே திரும்பி வந்து குத்தியது. அடுத்த வாரம் ஊருக்குப் போகிறவள். மறுபடி எந்த வருஷம் வருவாளோ. இப்படியே போய்விட்டால் என்ன செய்வது என்று, அவ்வளவு கூட்டத்திலும் அது ஒன்றுதான் என் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் கூட்டம் கலைந்தது. அடுத்த தீபாவளிக்கும் வருகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் தோழிகள் போனார்கள். வாழையிலையில் துணுக்குகள் தவிர ஒன்றும் மிச்சமில்லை. தோகையின் நட்ட நடுவில் ஒரே ஒரு கண் மட்டும் முழுசாக இருந்தது. யார் கை நீட்டினாலும் கவிதா தடுத்து அதைக் காப்பாற்றி வைத்திருந்தாள். டீச்சருக்கும் கொடுக்கவில்லை, மக்சிக்குக்கும் கொடுக்கவில்லை.

அக்கா அடுக்களையில் காலி ஜாடிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். கவிதா அந்த அச்சு முறுக்கை நெய் உருண்டை உருளாமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போய் அவள் முன்னால் நின்றாள்.

“பெரியம்மா, இத இப்பவே சாப்பிட்ருங்க. வச்சிருந்தா நாளைக்குக் காலையில கூட்டித் தள்ளிருவீங்க லா.”

அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு அதை வாங்கினாள். அங்கேயே நின்று, ஒரு கையைத் தாடைக்குக் கீழே ஏந்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய வழிய, ஒரு துணுக்குக்கூடத் தரையில் விழாமல் முழுவதையும் தின்று முடித்தாள்.